மச்சான், அந்த ஒன்பது வீதத்தைப் பற்றி

ஹரோ, லண்டன்
ஒக்டோபர் 2025

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். ராணியின் முழங்கால் நோ அப்படியே இருக்கிறது. எனக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உன் மகளின் கலியாண அல்பம் வந்து சேர்ந்தது. அதில் நான் மூன்று படத்தில் நிற்கிறேன், மூன்றிலும் கையில் மட்டன் ரோல். இது கட்டையன் பார்த்துச் செய்த வேலை என்று எனக்குத் தெரியும், சொல்லி வை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். போன கிழமை ரெலிபோனில் நீ சொன்னதைக் கேட்டபிறகு இரண்டு இரவு நித்திரை இல்லை. "கொண்டோ வீடு வித்த காசிலை பாதியை உன்ரை இன்சூரன்ஸ் ஷெயரிலை போடப்போறன், நீதானே மண்டபத்திலை சொன்னனி" என்றாய். நான் "ஓம் ஓம், பாப்பம்" என்று மழுப்பிவிட்டு வைத்துவிட்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம், ஆனால் ராணி பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இந்தக் கதையில் அவளுக்குத் தெரியாத பகுதி ஒன்று இருக்கிறது. அதனால்தான் கடிதம். கையால் எழுதினால் என் எழுத்து உனக்கு விளங்காது, ரைப் பண்ணுகிறேன்.

மச்சான், உன் மகளின் கலியாணத்தன்று மார்க்கம் மண்டபத்தில் நான் சொன்ன எதுவும் பொய் இல்லை. ஷெயரில் போட்டதுக்கு வருசம் ஒன்பது வீதம் என்று வந்த காசைச் சொன்னேன். போன காசைச் சொல்லவில்லை. இரண்டு கிளாஸ் உள்ளே போயிருந்தது, புரொபசரும் கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கு முன்னால் நாற்பது வருசமாய் ஒரு தரமாவது கெட்டிக்காரனாய் நிற்கவேணும் என்ற ஆசை. அதற்கு நீ உன் கொண்டோவைப் பலி கொடுக்கத் தேவையில்லை.

பகிடியைப் பார். ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் குடும்பத்தையும் விடாமல் இருபது வருசம் பொலிசி விற்றவன் நீ. உன்னைக் கண்டால் எதிர்ப் பக்கத்துக்கு றோட்டைக் கடந்தவன் நான். கடைசியில் இன்சூரன்ஸ் கொம்பனிப் பங்கை வாங்கு என்று நான் உனக்குச் சொல்லியிருக்கிறேன்!

நான் வாங்கினது எப்படி என்று முதலில் சொல்கிறேன். இங்கே ஓய்வூதியப் பணத்தில் கால்வாசியை வரியில்லாமல் எடுக்க விடுவார்கள். எடுத்தேன். வங்கியில் போட மனமில்லை. லீகல் அண்ட் ஜெனரல் என்று ஒரு கொம்பனி, ஆறு சட்டத்தரணிகள் சேர்ந்து 1836இல் தொடங்கியது, நிறம் நிறமாய்க் குடை போட்ட சின்னம். 10,000 பங்கு, ஒன்று சராசரி 245 பென்ஸ் (2.45 பவுண்). ஐசா என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் வருசத்துக்கு 20,000 பவுண்தான் போடலாம், அதனால் இரண்டு வரி வருசமாகப் பிரித்து வாங்கினேன். 2024ஆம் வருசத்துக்கு அவர்கள் கொடுத்த டிவிடென்ட், அதுதான் கொம்பனி பங்குக்காரருக்குப் பிரித்துக் கொடுக்கிற காசு, பங்குக்கு 21.36 பென்ஸ். எனக்கு 2,136 பவுண். கணக்குப் போட்டால் ஒன்பது வீதத்துக்குக் கொஞ்சம் கீழே. ஐசாவுக்குள் இருப்பதால் வரி ஒரு சதமும் இல்லை. மண்டபத்தில் நான் சொன்னது இவ்வளவும்தான்.

இனிச் சொல்லாததைக் கேள்.

போன ஏப்ரல் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. காலை எட்டு மணிக்குப் பங்குச் சந்தை திறக்கும். நான் குளியலறையில் நிற்கிறேன், ராணி மேசையில் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டு என் போனைப் பார்த்திருக்கிறாள். "இஞ்சாருங்கோ, ராவோடை ராவாய் ஆயிரத்தைந்நூறு பவுண் போட்டுது!" என்று கத்தினாள். சவர்க்கார நுரையோடு ஓடி வந்தேன். பயப்பட ஒன்றுமில்லை, அன்றுதான் டிவிடென்ட் பிரிகிற நாள். அன்று தொடக்கம் வாங்குகிறவனுக்கு அந்த முறைப் பணம் கிடையாது, அதனால் 15.36 பென்ஸ் டிவிடென்டுக்குக் கிட்டத்தட்ட அந்த அளவு விலை குறைந்துதான் காலையில் திறக்கும். "அந்தக் காசு ஜூனில் கணக்குக்கு வரும்" என்றேன். ராணி கத்தியைக் கீழே வைக்கவில்லை. "அப்ப இந்தப் பொக்கற்றிலை இருந்து எடுத்து அந்தப் பொக்கற்றிலை போடுறாங்கள். இதுக்கோ இவ்வளவு கொண்டாட்டம்?"

கொமேர்ஸ் வகுப்பில் பங்கிலாபம் பங்கிலாபம் என்று நாங்கள் மனப்பாடம் செய்தபோது மாஸ்டர் இப்படிச் சொல்லித் தந்திருந்தால் எனக்கு அப்போதே விளங்கியிருக்கும். இது வட்டி இல்லை மச்சான். கொம்பனியின் சொத்தில் இருந்து கிள்ளித் தருகிறார்கள், அடுத்த ஆறு மாதத்தில் அந்தக் கிள்ளின இடம் திரும்ப வளரவேணும். வளர்ந்தால் உனக்கு லாபம். நான் வாங்கி இவ்வளவு காலமாகியும் விலை வாங்கின இடத்தைச் சுற்றியே நடக்கிறது. அதனால் எனக்கு மிஞ்சினது டிவிடென்ட் மட்டும். மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் மண்டபத்தில் சொன்ன மாதிரியும் இல்லை.

பூமணி மாமியின் சீட்டு நினைவிருக்கிறதா? ஆகக் கூடின கழிவு விட்டு யார் எடுத்தது? கலியாண வீட்டுக்காரனா, கடனில் மூழ்கினவனா? ஒருவன் பெரிய கழிவுக்குச் சீட்டு எடுத்தால் ஊர் முழுக்க "அவனுக்கு என்னவோ இடைஞ்சல்" என்று கதைக்கும். ஒன்பது வீதம், பத்து வீதம் என்ற எண்ணும் அந்தக் கழிவு மாதிரித்தான். கொம்பனி தானாகக் கை நீட்டிக் கூட்டித் தரவில்லை. சந்தை அந்தப் பங்குக்குக் குறைந்த விலை போட்டதால் வீதம் பெரிதாகத் தெரிகிறது. இதைச் சொன்னவுடன் ராணி கேட்டாள், "அப்ப தாச்சி ஆர்?" நல்ல கேள்வி. இந்தச் சீட்டுக்குத் தாச்சி, அதாவது பொறுப்பாய் நின்று சீட்டை நடத்துகிற ஆள், இல்லை. யாரும் ஓடினால் வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது.

சந்தைக்கு ஏன் சந்தேகம் என்பதற்கு வருகிறேன். நீ பொலிசி விற்றவன், முன்னுக்குக் காசை வாங்கிப் பிறகு கொடுக்கிற தொழில் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே இப்போது இவர்களுடைய பெரிய வியாபாரம் வேறு. பழைய கொம்பனிகள் தங்கள் தொழிலாளரின் ஓய்வூதியப் பொறுப்பை மொத்தமாய் இவர்களிடம் தள்ளிவிடுகின்றன. கோடிக் கணக்கில் ஒரு தொகையைக் கொடுத்து, "இந்த ஆட்கள் சாகும்வரை மாதாமாதம் நீங்கள் கொடுங்கள்" என்கின்றன. இவர்கள் அந்தக் காசைக் கடன்பத்திரங்களில் போட்டு, வருகிற வட்டிக்கும் கொடுக்கிற ஓய்வூதியத்துக்கும் இடையில் உழைக்கிறார்கள். ஆட்கள் எத்தனை வருசம் இருப்பார்கள், கடன் வாங்கினவன் முப்பது வருசம் கழித்தும் கட்டுவானா, இந்த இரண்டிலும் கணக்குப் பிழைத்தால் போச்சு. வெளியில் நிற்கிற என்னைப் போன்றவன் அந்தக் கணக்கைச் சரிபார்க்கவே முடியாது. ஆண்டறிக்கையை மூன்று இரவு வாசித்தேன். மூலதனம் தேவைக்கு இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது என்று எழுதியிருந்தது. நம்பினேன். நம்புகிறேன் என்றுதான் சொல்லலாம், பார்த்தேன் என்று சொல்லமாட்டேன்.

பழைய கணக்கையும் பார்த்தேன், வாங்கினபிறகு! 2007க்கு 5.97 பென்ஸ் கொடுத்த இதே கொம்பனி 2008க்கு 4.06 கொடுத்தது, அடுத்த வருசம் 3.84. 2009 மார்ச்சில் பங்கு 30 பென்சுக்கும் கீழே. அப்போது வாங்கினவன் இன்று ராசா, அது வேறு கதை. அதற்கு முதல் வருசம் வாங்கின ஓய்வூதியக்காரன் எப்படி நித்திரை கொண்டான் என்பதுதான் என் கேள்வி. பிறகு கொரோனா வந்தது. 2020 ஏப்ரலில் காப்புறுதிக் கொம்பனிகளை மேற்பார்வை செய்கிற அமைப்பு கொஞ்சம் கண்ணைக் காட்டியதுதான் தாமதம், அவீவா, ஆர்எஸ்ஏ, டிரெக்ட் லைன், ஹிஸ்கொக்ஸ் என்ற கொம்பனிகள் எல்லாம் ஒரே நாளில் டிவிடென்டை நிறுத்தின. லீகல் அண்ட் ஜெனரலோ கொடுத்தே தீருவேன் என்று கொடுத்தது. அந்தத் துணிச்சலைப் பார்த்துத்தான் நான் இதைத் தேர்ந்தேன்.

உங்கள் ஊரிலும் நடந்ததுதானே? 2009 ஆகஸ்டில் மனுலைஃப் காப்புறுதிக் கொம்பனி மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கொடுத்த டிவிடென்டை 26 சதத்தில் இருந்து 13 ஆக்கியது. சந்தை விழுந்தாலும் உங்களுக்கு இவ்வளவு தருவோம் என்று உத்தரவாதம் கொடுத்துப் பொலிசி விற்றார்கள், சந்தை விழுந்தே விட்டது. நீயே அப்போது எனக்கு ரெலிபோன் எடுத்துத் திட்டினாய். அதை எப்படி மறந்தாய்?

இனி ராணிக்குத் தெரியாதது. மிச்சமிருந்த காசில் 8,000 பவுணுக்கு இன்னொரு காப்புறுதிக் கொம்பனியிலும் வாங்கினேன். பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் மலிவாய்க் கிடக்குது என்று நீ போய் வாங்குவாய். அது காட்டின வீதம் 11. ஒன்பதை விடப் பதினொன்று பெரிது, என் படிப்பு அவ்வளவுதான். ஏழு மாதத்தில் ஒரு காலை டிவிடென்டை வெட்டுகிறோம் என்று அறிக்கை விட்டார்கள். நான் பஸ்ஸில் இருந்தேன், போனில் சிவப்பாய் ஓர் எண். இறங்கவேண்டிய தரிப்பிடம் தாண்டி இரண்டு தரிப்பிடம் போய்விட்டேன். பிறகு ஏறும் ஏறும் என்று வைத்திருந்து, பயத்தில் விற்றபோது 2,700 பவுண் போயிருந்தது. அந்த வருசம் நல்ல கொம்பனி தந்த டிவிடென்ட் முழுவதையும் கெட்ட கொம்பனி விழுங்கிவிட்டது. ராணியிடம் "கொஞ்சம் இடம் மாற்றினேன்" என்று மட்டும் சொன்னேன். உனக்கு முதலாவதாய்ச் சொல்கிறேன்.

இதற்குப் பிறகும் உனக்கு ஆசை இருந்தால், கனடாவில் இருக்கிற உனக்கு என் கணக்கு அப்படியே சரிவராது. இங்கே வாங்கும்போது அரை வீதம் முத்திரை வரி. டிவிடென்டில் இந்த நாடு உன்னிடம் பிடிக்காது, அது நல்லது. ஆனால் கனடியக் கொம்பனி டிவிடென்டுக்கு உனக்குக் கிடைக்கிற வரிச் சலுகை வெளிநாட்டு டிவிடென்டுக்குக் கிடையாது, சம்பளம் மாதிரி முழுவதற்கும் வரி. வெளிநாட்டுச் சொத்து வாங்கின விலை 100,000 டொலருக்கு மேல் போனால் ரி1135 என்று ஒரு படிவமும் நிரப்பவேணும், உன் கணக்காளரிடம் கேள். இதெல்லாம் கழித்துப் பவுண் டொலராகும்போது எவ்வளவு மிஞ்சும் என்று நீயே போட்டுப் பார். அப்புறம், வளர்ச்சியையும் பார். 2024 ஜூனில் புதுத் தலைமை வந்து, அந்த வருசம் டிவிடென்டை 5 வீதம் கூட்டுவோம், அதற்குப் பிறகு 2027 வரை வருசம் 2 வீதம்தான் என்றது. மிச்சத்தில் சொந்தப் பங்குகளையே திருப்பி வாங்குவார்களாம். ஹரோக் கடைகளில் தேங்காய் விலை 2 வீதத்தில் ஏறவில்லை மச்சான்.

என் லீகல் அண்ட் ஜெனரலை நான் விற்கப் போவதில்லை. போன மாதமும் 600 பவுணுக்கு மேல் வந்தது, அதில் ராணிக்கு முழங்கால் பட்டியும் எனக்கு இரண்டு போத்தலும் வாங்கினேன். சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் என் பங்கு வெட்டுப்பட்டால் என் ஓய்வூதியமும் இந்த வீடும் மிஞ்சும். உனக்குக் கொண்டோ போனால் என்ன மிஞ்சும்? பாதி வேண்டாம். கால்வாசியும் வேண்டாம். நீ கட்டையனுக்குக் கடன் கொடுக்கிறபோது திரும்ப வராது என்று மனதுக்குள் எழுதிவிட்டுக் கொடுப்பாயே, அந்த அளவு தொகை போடு. அதையும் ஒரே கொம்பனியில் போடாதே. முதலில் சுமதியிடம் கேள், ஒளித்து வாங்காதே. ஒளித்து வாங்கினவன் எப்படி இருக்கிறான் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

சுமதிக்கு இதை வாசித்துக் காட்டும்போது அந்த 2,700 வருகிற பந்தியை விட்டுவிடு. அவளுக்குத் தெரிந்தால் ராணிக்குத் தெரிய அரை மணித்தியாலம் போதும்.

அன்புடன்,
குகன்

பி.கு: கட்டையன் அந்த இரண்டாயிரம் டொலரைத் தந்தானா?