மெல்லிசை வானொலி வரலாற்றுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்காவின் ஈஸி லிஸனிங், அதாவது பெரும்பாலும் வாத்தியங்களால் ஆன இதமான மெல்லிசையை ஒலிபரப்பிய வானொலி நிலையங்களைப் பற்றிய வரலாற்றுத் தொகுப்பு ஒருவழியாக முடிந்துவிட்டது. நீங்கள் இல்லையென்றால் இது முடிந்திருக்காது.

1961இல் எஃப்.எம். ஸ்டீரியோவுக்கு அனுமதி கிடைத்தது, 1963இல் ஃபிலடெல்ஃபியாவில் டபிள்யூ.டி.வி.ஆர். என்ற மெல்லிசை நிலையம் தொடங்கியது, நிலையங்களுக்கு இசைத் தொகுப்புகள் தயாரித்துக் கொடுத்த ஜிம் ஷுல்கி கால் மணி நேரத் தொகுப்புகளாகப் பாட்டுகளை வேகமும் மனநிலையும் பார்த்துக் கோத்தது எல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டவைதான். நிலையத்துக்குள் அன்றாடம் என்ன நடந்தது என்பது மட்டும் அங்கே வேலை பார்த்தவர்களிடமே இருந்தது.

முதல் நன்றி ஒலிப்பொறியாளர் ஐயாவுக்கு. பத்தரை அங்குல ஒலிநாடாச் சுருளில் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் 25 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்திருக்கும். அதை உணர்ந்ததும் அடுத்த நாடா இயந்திரம் தானாகச் சுழலும். அந்த ஒலி நேயர் காதுக்குப் போகாதபடி வடிகட்டிவிடுவார்கள். இதை நீங்கள் படம் போட்டு விளக்கிய பிறகுதான், ராத்திரியில் ஆளே இல்லாமல் பாட்டு இடைவிடாமல் ஓடிய விதம் புரிந்தது. லிஃப்டில் யாரும் கவனிக்காமல் ஓடும் இசை என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். ஒரு நொடி மௌனம்கூட விழாமல் பார்த்துக்கொண்டவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது.

அப்புறம், ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போன நாடாக்களை மீட்டவர்கள். அப்படியே ஓட்டியிருந்தால் காந்தப் பூச்சு உரிந்து, நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஒலித்தலையில் ஒட்டியிருக்கும். குறைந்த சூட்டில் மணிக்கணக்காக உலர்த்தி, ஆறவிட்டு, பொறுமையாக டிஜிட்டலுக்கு மாற்றினீர்கள். இசைக்குழுத் தலைவர் மாந்தோவானியின் குழு வாசித்த, அடுக்கடுக்காக விழும் வயலின்கள் அதில் கேட்டபோது மனம் நிறைந்துவிட்டது.

பழைய நிகழ்ச்சிப் பதிவேடுகளைத் தூக்கிப் போடாமல் காப்பாற்றிய அம்மாவுக்குத் தனி நன்றி. எண்பதுகளில் வாத்திய இசைக்கு நடுவே குரல் பாட்டுகள் மெல்ல மெல்லக் கூடியதை அந்தப் பக்கங்களில்தான் பார்த்தோம். நேயர்களுக்கு வயதாகிவிட்டது, விளம்பரதாரர்களோ இளையவர்களைத் தேடினார்கள். நிலையங்கள் ஒவ்வொன்றாக மாறிப்போயின. அந்த அத்தியாயம் முழுக்க உங்கள் பதிவேடுகளை நம்பித்தான் எழுதப்பட்டது.

வீட்டில் பதிவு செய்த கேசட்டுகளை அனுப்பிய நேயர்களே, பாட்டுகளோடு அன்றைய விளம்பரங்களும் அறிவிப்பாளர் குரலும் உங்களால்தான் கிடைத்தன.

சுருள்கள், கேசட்டுகள், பதிவேடுகள் எல்லாம் உரியவர்களிடம் பத்திரமாகத் திரும்பி வரும். ஒலிக்கோப்பின் ஒரு படியும் கூடவே வரும்.

நன்றியுடன்,
தொகுப்பாளர்