செலவு தெரிகிறது, சந்தித்தவர் பெயர் தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் சரக்கு ரயில் யாட்டுக்குக் கிட்ட இருக்கிறேன். இரசாயனம் ஏற்றிய தாங்கிப் பெட்டிகள் இரவிரவாக எங்கள் தெருவுக்குப் பின்னால் போகும். அமெரிக்க ரயில் நிறுவனங்கள் வாஷிங்டனில் செய்யும் லொபி வேலையை (சட்டம் செய்பவர்களைச் சந்தித்துத் தங்கள் பக்கம் இழுப்பதை) அதனால்தான் வேற்று நாட்டு விவகாரம் என்று விட முடியவில்லை.

அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து ஈஸ்ட் பாலஸ்தீன் ஊரில் 2023 பெப்ரவரி 3 இரவு நோர்போக் சதர்ன் என்ற நிறுவனத்தின் சரக்கு ரயிலின் 38 பெட்டிகள் தடம்புரண்டன. ஒரு சில்லின் பெயரிங் (சில்லு சுழல உதவும் உருளைத் தாங்கி) சூடேறியதுதான் காரணம். சூட்டைக் கண்டுபிடிக்கும் கருவிகளில் அந்த ரயில் கடைசியாகக் கடந்த இரண்டுக்கும் இடையில் 19 மைல் தூரம். நம்மவர்கள் இவ்வளவு பேர் வாழும் மிசிசாகாவிலும் 1979 நவம்பரில் சூடேறிய பெயரிங்தான் ரயிலைக் கவிழ்த்தது. குளோரினுக்குப் பயந்து இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோரை வெளியேற்றினார்கள்.

ஈஸ்ட் பாலஸ்தீன் விபத்து நடந்து ஒரு மாதம் ஆகுமுன்பே ஒகாயோவின் இரு செனட்டர்களும், ஜனநாயகக் கட்சியின் ஷெரட் பிரவுனும் குடியரசுக் கட்சியின் ஜே.டி. வான்ஸும், சேர்ந்து ரயில் பாதுகாப்புச் சட்டமூலம் கொண்டுவந்தார்கள். சூடு அறியும் கருவிகளுக்கு விதி, ரயிலுக்குக் குறைந்தது இரண்டு பணியாளர், கூடிய தண்டம் எல்லாம் அதில் இருந்தன. மே மாதம் செனட் வர்த்தகக் குழுவும் நிறைவேற்றியது. அப்புறம் முழுச் செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை.

அந்த இடைவெளியில் யார் யாரைப் போய்ப் பார்த்தார்கள்? 1995ஆம் ஆண்டின் லொபி வெளிப்படுத்தல் சட்டப்படி லொபி செய்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும். செலவுத் தொகை இருக்கும். எஸ். 576 என்று சட்டமூலத்தின் இலக்கமும் இருக்கும். ஆனால் அதை ஆதரித்தார்களா எதிர்த்தார்களா என்று சொல்லத் தேவையில்லை. சந்தித்தது எந்தச் செனட்டரை என்றும் சொல்லத் தேவையில்லை, "செனட்" என்று எழுதினால் போதும். நூறு பேரில் யார் என்று ஈஸ்ட் பாலஸ்தீன்காரர் எப்படி அறிவது? தன் வீட்டை விட்டு ஓடிய மனிதருக்கு அது தெரிய வேண்டாமா?

கனடாவில் 2008 முதல் மாதாந்த அறிக்கை உண்டு. முன்கூட்டியே ஒழுங்கு செய்து பேசினால், எந்தத் திகதி, எந்த உயர் அதிகாரி அல்லது எம்.பி., என்ன விடயம் என்று பெயரோடு பதிய வேண்டும். யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். கனடாவின் பெரிய ரயில் நிறுவனங்களான சி.என்., சி.பி.கே.சி. இரண்டும் எல்லையின் இரு பக்கமும் ரயில் ஓட்டுகின்றன. ஒட்டாவாவில் பெயர் எழுதிக் கொடுப்பதால் அவற்றின் வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை. பிறகு வாஷிங்டனில் மட்டும் அது முடியாத காரியம் என்று யாரும் சொன்னால் நான் நம்பமாட்டேன். நம் பதிவேட்டிலும் ஓட்டை இருக்கிறது, லொபிக்கு எவ்வளவு செலவழித்தார்கள் என்று அதில் இல்லை. அமெரிக்கர்களிடம் இருக்கும் அந்தத் தகவல் நமக்கும் வேண்டும்.

அமெரிக்காவில் வாக்குரிமை உள்ள நம் உறவினர்கள் தங்கள் செனட்டரிடம் இதைக் கேட்டு எழுதலாம். உங்கள் பத்திரிகையும் மாதம் ஒருமுறை ஒட்டாவாப் பதிவேட்டைப் பார்த்து, ரொறன்ரோ எம்.பி.க்களில் யாரை எந்த ரயில் நிறுவனம் சந்தித்தது என்று வெளியிட்டால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.

வாசகர்,
ஸ்காபரோ