பீட்டில்ஸ் படத்தைப் பாட்டுப் படமென்று ஒதுக்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த உலக நகைச்சுவைப் படங்கள் பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். சாப்ளினுக்கும் பஸ்டர் கீட்டனுக்கும் மார்க்ஸ் சகோதரர்களுக்கும் உரிய இடம் கொடுத்த கட்டுரையாளர், 1964-இல் இங்கிலாந்தின் நால்வர் இசைக்குழுவான பீட்டில்ஸ் நடித்து ரிச்சர்ட் லெஸ்டர் இயக்கிய ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ படத்தை மட்டும் ரசிகர்களுக்கான பாட்டுப் படம் என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. பாடல்கள் அத்தனையையும் எடுத்துவிட்டாலும் அது முதல்தரமான நகைச்சுவைப் படம்தான்.

அவர் அப்படி நினைத்ததற்கும் காரணம் இருக்கிறது. யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் திரைப்பட நிறுவனம் குறிவைத்தது, படத்தோடு வெளியாகும் இசைத்தட்டைத்தான். குழுவின் மவுசு குறைவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, குறைந்த செலவில், கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். மார்ச்சில் படப்பிடிப்பு தொடங்கியது. ஜூலையில் படம் லண்டனில் திரைக்கு வந்துவிட்டது. இத்தனை அவசரத்தில் உருவான படத்தின் திரைக்கதை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது என்றால், அதில் சரக்கு இல்லாமலா?

எழுதியவர் அலுன் ஓவன், லிவர்பூலில் வளர்ந்த நாடகாசிரியர். நால்வரோடும் சில நாட்கள் கூடவே இருந்து, அவர்கள் பேசிக்கொள்ளும் விதத்தைக் காது கொடுத்துக் கேட்டு எழுதினார். அதனால் இதில் நீட்டி முழக்கும் வசனமே கிடையாது. ஒருவர் எடுத்துக் கொடுப்பார், அடுத்தவர் வெட்டிவிடுவார், அதற்குள் காட்சி நகர்ந்துவிடும். அமெரிக்காவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று நிருபர் கேட்டால், கிரீன்லாந்து வந்ததும் இடது பக்கம் திரும்பினோம் என்கிறார் ஜான் லெனன், முகத்தில் சலனமே இல்லாமல்.

ஓவன் பிடித்துக்கொண்ட உண்மை ஒன்றுதான்: புகழ் இந்த நால்வரையும் அடைத்து வைத்திருக்கிறது. நாலு இடம் பார்க்கலாம் என்று கூட வந்த பால் மெக்கார்ட்னியின் தாத்தா, இதுவரை கண்டதெல்லாம் ஒரு ரயிலும் ஓர் அறையும், ஒரு காரும் ஓர் அறையும், ஓர் அறையும் ஓர் அறையும்தான் என்று அலுத்துக்கொள்வார். தாத்தாவாக வரும் வில்ஃப்ரிட் பிராம்பெல் படம் முழுக்கக் கலகம் மூட்டிக்கொண்டே இருக்கிறார். அவர் வாயைத் திறந்தாலே யாரோ இருவருக்குள் சண்டை நிச்சயம். இந்த அடைப்பும், அதிலிருந்து நழுவப் பார்க்கும் நால்வரின் துடிப்பும்தான் படத்தின் சிரிப்புக்கு ஊற்று. நால்வரும் தீயணைப்புப் படிக்கட்டு வழியே தப்பித்துத் திறந்த மைதானத்தில் குதித்துக் கும்மாளமிடுகிறார்கள். மேலே ஹெலிகாப்டரிலிருந்தும் படம்பிடித்திருக்கிறார் லெஸ்டர். அதுவரை சுவருக்குள்ளேயே உழன்ற நம் கண்ணுக்கும் அங்கேதான் விடுதலை. இது தனியார் இடம் என்று ஒருவர் வந்து நிற்கிறார். ஆட்டம் அத்தோடு முடிந்துவிடுகிறது.

குளியல்தொட்டிக் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. நுரைக்குள் பொம்மைக் கப்பலை வைத்து லெனன் கடற்போர் நடத்துகிறார். பொறுமை இழந்த குழுவின் மேலாளர் தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கிவிடுகிறார். தண்ணீர் முழுதும் வடிகிறது. தொட்டியில் ஆளே இல்லை! மேலாளர் திகைத்து நிற்கும்போது, இன்னொரு பக்கத்திலிருந்து லெனன் சாவகாசமாக நடந்து வருகிறார். எந்த விளக்கமும் கிடையாது. கீட்டன் பார்த்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்.

நால்வரில் என் மனம் அதிகம் ஒட்டிக்கொண்டது ரிங்கோ ஸ்டாரிடம்தான். தாத்தா ஏற்றிவிட்டதால், குழு பாட வேண்டிய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் கொஞ்ச நேரமே இருக்கும்போது ஊரைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார். ரசிகைகள் துரத்துகிறார்கள் என்று பழைய கோட்டும் தொப்பியும் வாங்கி மாட்டிக்கொள்கிறார். அந்த வேடத்தில் ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தால், அவளோ அவரைக் குள்ளன் என்று ஏசி விரட்டுகிறாள். ஆற்றங்கரையில், பள்ளிக்குப் போகாமல் சுற்றும் ஒரு சிறுவன் அவருக்கு வாய்க்கிறான். தன் கூட்டாளிகளைப் பற்றி அவன் பெருமையாகச் சொல்லச் சொல்ல, தானும் கூட்டாளிகளை விட்டுவிட்டு வந்தவர் என்பதால் ரிங்கோ கேட்டுக்கொண்டே நடக்கிறார். இரவெல்லாம் தூங்காமல் நேராகப் படப்பிடிப்புக்கு வந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் களைப்பு முகத்தில் அப்படியே தெரிகிறது. பீட்டில்ஸின் இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மெல்லிய இசை பின்னால் வருகிறது. தொழில்முறை நடிகர்கள் பலருக்கும் எளிதில் கைகூடாத அமைதி அது.

படம் பழையது என்று தயங்குபவர்களுக்கு ஒரு தகவல்: ஐம்பதாம் ஆண்டையொட்டி 2014-இல் அதைச் சீரமைத்து, பளிச்சென்ற பிரதியாக மீண்டும் வெளியிட்டார்கள். லிவர்பூல் பேச்சு விறுவிறுவென்று ஓடும். ஆகவே, சப்டைட்டிலோடு பார்ப்பது நல்லது.

கட்டுரையின் அடுத்த பகுதியிலாவது லெஸ்டருக்கு இரண்டு பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன். நகைச்சுவை நடிகர்கள் பீட்டர் செல்லர்ஸ், ஸ்பைக் மில்லிகன் ஆகியோருடன் சேர்ந்து அவர் எடுத்த சிறு படம் ஒன்று பீட்டில்ஸுக்கு மிகவும் பிடித்திருந்தது. அவரை இயக்குநராக ஏற்றுக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். கட்டுரையாளர் அந்தச் சிறு படத்திலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாசகி, திருநெல்வேலி