பெட்டிக்கு அடியில் ஒரு தகராறு

கோயம்புத்தூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கச்சியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்ற உன் கோபம் நியாயமானதே. காரணத்தைக் கேட்டால் சிரிப்பாய். பம்பு கம்பெனியில் வார்ப்புக்கு மரப் பேட்டர்ன் (அச்சு மாதிரி) செதுக்கிய கை ஓய்வுக்குப் பின்னும் சும்மா இருக்க மறுப்பதால், நாம் சென்னைக்குப் போய்வந்த அந்த அரக்குச் சிவப்பு இரண்டாம் வகுப்பு ரயில் பெட்டியின் மாதிரியை 87-இல் ஒரு பங்கு அளவில் செய்துகொண்டிருக்கிறேன். மேற்கூடு முடிந்துவிட்டது. அடியில் வரும் இரண்டு போகிகள்தான், அதாவது சக்கரங்களும் அச்சுகளும் பொருந்தும் சட்டகங்கள்தான், தூக்கத்தைக் கெடுக்கின்றன.

அடிப்படை அளவுகளில் தகராறு இல்லை. சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத் துணையோடு 1955-இல் பெரம்பூரில் தொடங்கிய ஐ.சி.எஃப். என்னும் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் போகியில் அச்சுகளின் இடைத்தூரம் 2896 மி.மீ., புதுச் சக்கரத்தின் விட்டம் 915 மி.மீ.; என் அளவில் அவை 33.3, 10.5 ஆகின்றன. தகராறு காலத்தில்தான். இப்போது காணக்கிடைக்கும் ஐ.சி.எஃப். பெட்டிகள் பலவற்றில் காற்று பிரேக் சிலிண்டர் போகியிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது; நம் நாட்களிலோ வெற்றிடத்தால் இயங்கும் வேக்குவம் பிரேக், அதன் பருத்த சிலிண்டர்கள் பெட்டியின் அடிச்சட்டத்தில் தொங்கின. இன்றைய படத்தை நம்பிச் செய்தால், தாத்தாவின் கல்யாணப் படத்தில் கைப்பேசியைச் செருகியது போலாகிவிடும். பழைய படங்களை எடுத்தவர்களோ சன்னலையும் வண்ணத்தையும் எடுத்தார்களே தவிர, எவரும் குனியவில்லை.

இன்னொன்றும் என்னை வியக்க வைத்தது. அசல் போகியில், அது திரும்புவதற்கான நடு முளை பெட்டியின் எடையைத் தாங்குவதில்லை, 1600 மி.மீ. இடைவெளியில் எண்ணெய்த் தொட்டிக்குள் இருக்கும் இரு பக்கத் தாங்கிகளே தாங்குகின்றன. பொம்மைக்காரர்கள் நடுவில் ஒரு திருகை வைத்து எல்லா எடையையும் அதன் மேல் ஏற்றிவிடுகிறார்கள். நான் பக்கத் தாங்கிகளை வைத்தே தீருவேன். 'ஓடினால் போதாதா?' என்று மகன் கேட்கிறான். அவன் கணினிப் படிப்புப் படித்தவன், விட்டுவிடு.

தண்டவாளம் அடுத்த தலைவலி. நம் அகலப்பாதையின் 1676 மி.மீ. இந்த அளவில் 19.3 ஆக வேண்டும். கடையில் கிடைப்பது வெளிநாட்டுப் பாதைக்கான 16.5. ஆகவே தண்டவாளத்தையும் நானே செய்வதென முடிவெடுத்து, கணபதியில் ஒரு லேத் பட்டறையில் சக்கரம் கடையக் கொடுத்தேன். வரைபடத்தைப் பார்த்தவர், 'எந்த மோட்டாருக்குங்க இந்த புஷ்?' என்றார். உன் தங்கை இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

விளையாட்டை விட்டுச் சொல்கிறேன். 2018 ஜனவரியோடு பெரம்பூரில் அந்த வகைப் பெட்டி கட்டுவதே நின்றுவிட்டது. அடுத்து வந்த எல்.எச்.பி. என்னும் ஜெர்மன் வடிவமைப்புப் பெட்டியின் போகியில் அச்சு இடைத்தூரம் 2560 மி.மீ. மட்டுமே, தோற்றமும் வேறு. பழையவற்றைக் குழிக்குள் நின்று அண்ணாந்து பார்த்த உன்னைப் போன்றவர்கள் சொல்லாவிட்டால், இனி எவரிடம் கேட்பது?

ஆகையால் ஈரோட்டில் பெட்டி பராமரித்த காலத்தை நினைவுபடுத்தி எனக்கு இரண்டு விவரங்கள் எழுது. விளக்குக்கு மின்சாரம் தந்த டைனமோவின் பெல்ட் ஓடிய அச்சு, கழிவறைத் தொட்டியில் நீர் நிரப்பும் குழாயிலிருந்து பார்த்தால் எந்தப் பக்கம்? வேக்குவம் சிலிண்டரிலிருந்து பிரேக் கட்டைக்குப் போகும் கம்பிகள் எந்த வரிசையில் இணைந்திருந்தன? படம் வரைந்தே அனுப்பு. உன் கையெழுத்தைப் படிக்கும் தெம்பு எனக்கு இல்லை.

இப்படிக்கு,
உன் மச்சான்