நேரம் மாறியதால் நனைந்த நெல்

ஆசிரியருக்கு வணக்கம். களத்தில் நெல் காயப்போடும் அப்பாவுக்காக, மழை எப்போது வரும் என்று காட்டும் சின்ன இணையப் பக்கம் ஒன்றை எழுதினேன். கணிப்பைத் தருவது ஓப்பன்-மீட்டியோ ஏபிஐ, அதாவது நம் நிரல் கேட்டால் வானிலைத் தரவை அனுப்பும் இணையச் சேவை. வணிகம் சாராத பயன்பாட்டுக்குக் கட்டணமில்லை, பதிவும் வேண்டாம். அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் மணிவாரியாக விவரம் வந்துவிடும்.

முதல் நாளே மாலை 4 மணி மழையைக் காலை 10.30 என்று காட்டியது என் பக்கம். 'அந்த நேரம்தான் தாண்டிடுச்சே' என்று மதியம் தார்ப்பாயை எடுத்துவிட்டார் அப்பா. இரண்டு மூட்டை நெல் நனைந்தது. நேர மண்டலத்தைக் குறிப்பிடாவிட்டால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய கிரீன்விச் நேரம்தான் வரும். அந்தச் சேவையின் பயன்பாட்டு ஆவணத்திலேயே அது இருக்கிறது, நான் படிக்கவில்லை. இந்திய நேரத்தைக் குறிக்கும் 'ஆசியா/கொல்கத்தா' என்று ஒரு சொல் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

கல்லூரியில் பொத்தான், வண்ணமெல்லாம் கற்றுத்தந்தார்கள். அடுத்தவர் தரும் தரவின் ஆவணத்தைப் பொறுமையாகப் படிக்கவும் பாடத்தில் இடம் வேண்டும்.

- ஒரு வாசகி, மன்னார்குடி