பருத்தித்துறைக்குக் குடிவரும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

பருத்தித்துறைக்கு வருமுன்பே நல்ல வைத்தியர் ஒருவரின் பெயரை அறிந்து சொல்லுமாறு எழுதியிருந்தாய். நான் யாழ்ப்பாண நகரில் இருந்துகொண்டு சொல்லும் பெயர், இரவு பத்து மணிக்குச் சின்னவனுக்குக் காய்ச்சல் கண்டால் உதவாது.

வந்தவுடன், தாய் சேய் நலம் பார்க்க வீடு வீடாக வரும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் யாரென்று வீட்டுக்காரரிடமோ கிராம அலுவலரிடமோ கேட்டு, அவரைச் சந்தித்துவிடு. சின்னவனின் தடுப்பூசிப் பதிவுகளைக் கொழும்பிலிருந்து மறவாமல் எடுத்து வந்தால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கில் பதிந்து மிகுதி ஊசிகளை இலவசமாகவே போடுவார்கள். அதைவிட, வீடு வீடாகப் போய்வரும் அந்த உத்தியோகத்தருக்கு, எந்த வைத்தியர் குழந்தைகளைப் பொறுமையாகப் பார்ப்பார், எந்தப் பாமசியை நம்பலாம் என்பதெல்லாம் தெரிந்திருக்கும்.

நம்மவர்களுக்கு, தடிமன் காய்ச்சலுக்கும் யாழ். போதனா வைத்தியசாலைக்கு ஓடினால்தான் மனம் ஆறும். பருத்தித்துறைக்குப் பக்கத்திலேயே மந்திகையில் ஆதார வைத்தியசாலை இருக்கும்போது, 30 கிலோமீற்றருக்கு மேல் பேருந்தில் பிள்ளையைக் குலுக்கிக்கொண்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே முடியாததை அவர்களே கடிதம் தந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவார்கள்; அந்தக் கடிதத்தோடு வருபவருக்கு இங்கும் அலைச்சல் குறைவு. உன் ஆஸ்துமாவுக்கு அங்கேயே ஒரு கிளினிக் கொப்பி போட்டுக்கொள்.

பின்னேரங்களில் தனியாரிடம் காட்டும்போது, அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவர்தானா என்று பார். மருந்தின் பெயர் எழுதாத கடதாசி உறைகளில் குளிசை தரும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதை எனக்குக் கண்ணில் காட்டவும் கூடாது. பெயரையும் அளவையும் எழுதித் தரும்படி கேள். கேட்பதற்குக் கோபித்துக்கொள்பவரிடம் மறுமுறை போகவேண்டியதில்லை.

மாரி மழையோடு டெங்கு வரும் ஊர் இது. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால், சின்னவன் ஓடி விளையாடினாலும், வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்வித்துவிடு. டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும் என்பதால், பரசிற்றமோல் தவிர வேறு நோவுக் குளிசை எதையும் நீயாகக் கொடுக்காதே. வயிற்று வலி, விடாத வாந்தி, கைகால் குளிர்தல் இவற்றில் ஏதாவது கண்டால் விடியும்வரை பார்த்திராமல் 1990 இலக்கத்துக்கு அழை. அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

மந்திகையில் நெஞ்சுநோய்க் கிளினிக் எந்தக் கிழமை என்று அப்பா விசாரித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். தெரிந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா