எந்த மாஸ்டர் சொல்வது சரி? மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனே,

வீடு மாறியதில் கராத்தே கிளாஸும் மாறிவிட்டது, சரி. புது மாஸ்டர் உன் ஹெயான் நிடான் கட்டாவை, அதாவது வரிசையாகச் செய்யும் அந்த அடிமுறைத் தொகுப்பை, பார்த்துவிட்டு, "யாருப்பா இப்படிச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து பழைய மாஸ்டர் ஏமாற்றிவிட்டார் என்று புலம்புகிறாய் என உன் அம்மா போனில் சொன்னாள். அவர் ஏமாற்றவில்லை. நீ ஷோட்டோகான் என்ற கராத்தே பாணியிலிருந்து ஷிட்டோ-ரியு என்ற இன்னொரு பாணிக்குப் போயிருக்கிறாய், அவ்வளவுதான்.

இரண்டுக்கும் வேர் ஒருவர்தான்: ஒகினாவாவின் இடோசு அங்கோ. 1900களின் தொடக்கத்தில் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனவர், ஐந்து பினான் கட்டாக்களை வகுத்தார். அவரிடம் கற்ற ஃபுனாகோஷி, உன் ஷோட்டோகானின் நிறுவனர், 1922இல் டோக்கியோ போனார். பிற்பாடு பினானுக்கு ஹெயான் என்று பெயர் வைத்தார். இரண்டாவது கட்டாதான் புதியவர்களுக்குச் சுலபம் என்று அதை முதலில் போட்டு, முதலாவதைப் பின்னுக்குத் தள்ளினார். இடோசுவின் இன்னொரு மாணவரும் ஷிட்டோ-ரியுவின் நிறுவனருமான மபுனி பெயரையும் வரிசையையும் தொடவில்லை. ஷோடான் என்றால் முதலாவது, நிடான் என்றால் இரண்டாவது. அதனால்தான் உன் ஹெயான் நிடான் புது கிளாஸில் பினான் ஷோடான்.

கால் விஷயத்துக்கு வருவோம். முதல் அடியிலேயே நீ கொக்குட்சு-டாச்சியில், அதாவது கனத்தைப் பின்காலில் அதிகம் வைக்கும் நிலையில், நீளமாக அமர்கிறாய். அங்கே நெக்கோ-ஆஷி, அதாவது பூனைக்கால்: முன்பாதத்தின் நுனி மட்டும் தரையைத் தொடும், உடம்பின் கனம் ஏறக்குறைய முழுக்கப் பின்காலில் நிற்கும். அப்புறம் நீ பக்கவாட்டில் விடும் உதை, ஒகினாவாவின் பழைய வழிகளில் நேர் உதை. ஷோட்டோகானில் நிலைகள் நீண்டதும் பக்க உதை இடம்பிடித்ததும் பெரும்பாலும் 1930களில், ஃபுனாகோஷியின் மகன் யோஷிடாகா காலத்தில். கற்க வந்தவர்களில் கல்லூரிப் பையன்கள் நிறைய. எட்டி அடிக்கத் துடிக்கிற வயது. குறுகிய நிலை அவர்களுக்குப் போதவில்லை போலிருக்கிறது.

ஒரே குருவிடம் கற்றவர்களே வேறுபடுவார்கள். கோஜு-ரியு என்ற இன்னொரு பாணியின் நிறுவனர் மியாகி சோஜுன் தன் குரு ஹிகாஒன்னாவிடம் கற்ற சான்சின் கட்டாவில் திரும்பும் அடிகள் உண்டு. பின்னாளில் திரும்பாமலே முன்னும் பின்னும் போகும் இன்னொரு சான்சினை அவரே அமைத்தார். அவர் நம்பிக்கை வைத்திருந்த மாணவர் ஷின்சாடோ 1945இல் ஒகினாவா போரில் இறந்துபோனார். மிஞ்சியவர்கள் வெவ்வேறு வருடங்களில் கற்றவர்கள். அவரவர் பார்த்த மியாகியை அவரவர் சொல்லிக்கொடுத்தார்கள். இதில் யாரைப் பொய்யர் என்பாய்?

அதற்காக எல்லா மாற்றத்துக்கும் பெரிய தத்துவம் தேடாதே. சிலது வெறும் மறதி. சிலது மாஸ்டரின் முட்டிவலி. சீடர்கள் அதையும் பயபக்தியோடு காப்பியடிப்பார்கள்.

பூனைக்கால் எதற்கு என்று புது மாஸ்டரிடம் தாராளமாகக் கேள், கிளாஸ் முடிந்த பிறகு. வரிசையில் நிற்கும்போது வேண்டாம். பெல்ட் டெஸ்டில் அவர் சொன்னபடியே செய். பழையதை மொட்டைமாடியில் செய்துகொள். பாதி இது, பாதி அது என்று கலந்து மட்டும் போட்டியில் நிற்காதே, மார்க் போய்விடும்.

அன்புடன்,
மாமா